கிளீனர் வராமல் லோடு ஏற்றக் கூடாது

எங்கள் பள்ளிக்கூடத்தின் பின்பக்கம், இரண்டாம் வகுப்பு ஜன்னலுக்கு நேர் எதிரே, ஒரு பெரிய மரம் விழுந்து கிடக்கிறது. எந்தக் காற்றில் விழுந்தது, கிளைகளை யார் வெட்டிக்கொண்டு போனார்கள் என்று யாருக்கும் தெரியாது. நான் இதே வகுப்பில் ரெட்டைப் பின்னலோடு உட்கார்ந்து படித்த காலத்திலேயே அது விழுந்துதான் கிடந்தது. கரையானுக்குக்கூடப் பிடிக்காத ஜாதி போலிருக்கிறது, இன்றுவரை உளுத்துப்போகவில்லை. பிள்ளைகள் ஏறி ஏறி மேல்பக்கம் மட்டும் வழவழப்பாகி, வெயில் பட்டால் மின்னும்.

இப்போது அந்த இரண்டாம் வகுப்புக்கு நான்தான் டீச்சர்.

"இந்தச் சனிக்கிழமை அந்த மரத்தை அறுத்து எடுத்துடறாங்க" என்று பெரிய டீச்சர் ஒரு நாள் ஆசிரியர் கூட்டத்தில் சொன்னார். பெரிய டீச்சர் என்றால் தலைமையாசிரியை. உயரத்தில் எங்கள் எல்லோரையும்விடச் சிறியவர். "மேட்டைச் சமமாக்கி, டைல்ஸ் போட்டு, கலர் கலரா சறுக்கு மரம் வைக்கப் போறோம். வகுப்புப் படியிலிருந்து தண்ணிக் குழாய் வரைக்கும் சிமென்ட் பாதை. பார்க்க வர்றவங்களுக்கு ஸ்கூல் மாதிரி தெரிய வேண்டாமா?"

"பிள்ளைங்க அந்த மரத்துலதான் விளையாடுதுங்க டீச்சர்."

"விளையாடித்தானே போன மாசம் ஒருத்தன் பல்லை உடைச்சுக்கிட்டான்."

"அது ஆடிக்கிட்டிருந்த பால் பல்லு. விழுந்ததுக்கு அவன் சந்தோஷப்பட்டான்."

"அவங்க அம்மா சந்தோஷப்படலையே."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்கு அப்போது மியூட்டின் முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

மியூட் என்பது பிள்ளைகள் வைத்த பெயர். டிவி ரிமோட்டில் சத்தத்தை நிறுத்தும் பொத்தான் இருக்கிறதல்லவா, அதுதான். பாதி வருஷத்தில் வந்து சேர்ந்த ஏழு வயதுப் பெண். வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். வருகைக்குப் பெயர் கூப்பிட்டால் கையைத் தூக்குவாள், அவ்வளவுதான். ஆனால் இடைவேளை மணி அடித்து அந்த மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டால், அடைபட்ட குழாய் திறந்துகொண்ட மாதிரி கொட்டுவாள். நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நோட்டு திருத்துவதுபோல் பாவனை செய்துகொண்டு எத்தனையோ நாள் கேட்டிருக்கிறேன்.

அவள் மட்டுமில்லை. வகுப்புக்குள் "மழையைப் பற்றிச் சொல்லுங்க" என்றால் எல்லாரும் ஒரே குரலில் "மழை மேகத்திலிருந்து வருகிறது" என்பார்கள். அதே பிள்ளைகள் வெளியே போனால், "டீச்சர், மழை எங்க கப்பல்ல டிக்கெட் எடுக்காம ஏறிருச்சு" என்று புகார் கொண்டுவருவார்கள். அவர்களுக்கு அந்த மரம் கப்பல். அதை யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை.

வருஷக் கடைசியில் எங்கள் பள்ளியில் வாய்மொழித் தேர்வு உண்டு. ஒவ்வொரு பிள்ளையும் பெரிய டீச்சர் முன்னால் நின்று ஏதாவது ஒன்றைச் சொல்ல வேண்டும். பேசாவிட்டால் மறுபடி அதே வகுப்புதான்.

கூட்டம் முடிந்ததும் பெரிய டீச்சரைத் தனியாகப் பிடித்தேன். "அந்தப் பொண்ணுக்கு மட்டும் தேர்வை மரத்துல வெச்சுக்கலாமா? அங்க உட்கார்ந்தா அவ நல்லாப் பேசுறா டீச்சர்."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "நீ சொல்றே. வேற யாராவது கேட்டிருக்காங்களா? இன்னொரு வருஷம் உன் வகுப்புலயே இருக்கட்டும். குழந்தை முதிரட்டும்."

கூடப் படித்தவர்களெல்லாம் மேலே போக, தான் மட்டும் சின்னப் பிள்ளைகளோடு மறுபடி அதே பெஞ்சில் உட்கார்ந்தால், அப்புறம் மரத்தின் மேலும் அவள் பேச மாட்டாள் என்று எனக்குத் தோன்றியது. அந்த மரமும் இருக்கப் போவதில்லை.

மறுநாள் காலை வேலையைப் பார்க்க இன்ஜினியர் வந்தார்.

ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். நல்ல உயரம். காதோரம் கொஞ்சம் நரை. கழுத்தில் அளவு டேப்பை மாலை மாதிரி போட்டுக்கொண்டு, மேஸ்திரியோடு பேசியபடி வந்தவர், மரத்தின் அருகே வந்ததும் நின்று அதன் முன்பக்கத்தைப் புறங்கையால் ஒரு முறை துடைத்தார். தூசி தட்டுவதுபோல்தான் இருந்தது. ஆனால் நான் ஜன்னல் கம்பியை ஒட்டிப் போய் நின்றேன். தினமும் வண்டி எடுப்பதற்கு முன்னால் கண்ணாடியை அப்படித்தான் துடைப்பான் டிரைவர்.

எங்கள் காலத்தில் அந்த மரம் லாரி. அவன் டிரைவர், நான் கிளீனர்.

டிரைவர் ஆக எனக்கும் ஆசைதான். ஆனால் அவனால் மட்டுமே உதடு நடுங்க இன்ஜின் சத்தத்தை மேட்டில் ஏறும்போது ஒரு மாதிரியும் இறங்கும்போது ஒரு மாதிரியும் போட முடிந்தது. நான் பின்பக்கம் தொற்றிக்கொண்டு, "வரட்டும், வரட்டும், லெஃப்ட்ல ஒடிச்சு வா" என்று கத்துவேன். புறப்படலாம் என்பதற்கு அடையாளம், மரத்தின் பக்கவாட்டில் உள்ளங்கையால் இரண்டு தட்டு.

அது சாதாரண லாரி இல்லை. செங்கல், மணல், நெல் மூட்டை எதையும் ஏற்ற மாட்டோம். உலகத்தில் எந்த லாரியும் ஏற்றாத சாமானாக இருக்க வேண்டும். ஏற வருகிற ஒவ்வொரு பிள்ளையையும் நான் மறித்து, "என்ன லோடு?" என்று கேட்பேன். ஒருத்தி போன வருஷத்து வெயில் என்பாள். ஒருவன் எங்க பக்கத்து வீட்டு நாயோட குரைப்பு என்பான், அது கொஞ்சம் கனம், நடுவில் வைக்க வேண்டும். "எனக்குத் தெரியல" என்று சொன்ன ஒரு பையனை, "அதுவும் ஏத்தலாம், எவ்வளவு தெரியல?" என்று டிரைவர் கேட்டதும், அவன் கை இரண்டையும் விரித்துக் காட்டியதும் இன்றைக்கும் நினைவிருக்கிறது. லோடு எதுவானாலும் கிளீனர் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் ஏற்ற வேண்டும். அது நான் போட்ட சட்டம்.

படிக்கும் குழாய்க்கும் நடுவில் ஆறு இருந்தது. வெறும் மண்தரைதான். ஆனால் அது ஆறு என்று முடிவான பிறகு, ஆறுதான். குழாயில் தண்ணீர் குடிக்கப் போனாலும் சுற்றித்தான் போவோம். காலை வைத்தவன் நனைந்துவிட்டான் என்று அர்த்தம், காயும்வரை வண்டியில் இடமில்லை. டிரைவர் ஒரு நாள்கூட நனைந்ததில்லை.

நான்காம் வகுப்பில் எனக்கு ஒரு பெரிய காய்ச்சல் வந்தது. எழுந்து பள்ளிக்கூடம் போனபோது, அவன் அப்பாவுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு போய்விட்டதாகச் சொன்னார்கள். அதற்குப் பிறகும் நாங்கள் லாரி ஓட்டினோம். வேறு ஒருவன் டிரைவர். அவன் இன்ஜின் சத்தம் தையல் மிஷின் மாதிரி இருக்கும்.

இப்போது அந்த டிரைவர், என் லாரியை அறுப்பதற்கு அளவெடுத்துக்கொண்டிருந்தான்.

இடைவேளையில் நானே வெளியே போனேன். "இந்த மரத்தைக் கண்டிப்பா எடுக்கணுமா சார்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "பிளான்ல அப்படித்தான் டீச்சர் இருக்கு. மரத்துக்கு மேல டைல்ஸ் போட முடியாதே."

"டைல்ஸ் தள்ளிப் போடலாமே."

"அது நான் முடிவு பண்றதில்ல, டீச்சர். ஸ்கூல் சொன்னதைத்தான் நான் செய்யறேன்."

வாய்க்கு வாய் டீச்சர், ஸ்கூல். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. என்னைத் தெரியவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன். கண்ணாடி போட்டிருக்கிறேன், கன்னம் வேறு உப்பிவிட்டது. நானாகச் சொல்ல எனக்கென்ன தலையெழுத்தா?

சாயங்காலம் வீட்டில் அண்ணியிடம் சொன்னேன். அண்ணனுக்குக் கல்யாணமாகி அவள் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எனக்கு வரன் பார்ப்பதை ஓய்வு நேர வேலையாக வைத்திருப்பவள். துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"ஆளு எப்படி இருக்கார்?"

"நான் மரத்தைப் பத்திப் பேசறேன் அண்ணி."

"நானும் அதைத்தான் கேக்கறேன். கல்யாணம் ஆயிடுச்சாமா?"

"மேஸ்திரி ஏதோ சொல்லிட்டிருந்தார், சார் தனிக்கட்டை, ஹோட்டல் சாப்பாடுன்னு."

"பார்த்தியா, மரத்தைப் பத்திப் பேசப் போனவ இதெல்லாம் கேட்டுட்டு வந்திருக்கா." மடித்த சட்டையை என் மடியில் போட்டாள். "அவரைப் பார்த்து, நான்தான் அந்தக் கிளீனர்னு சொல்ல வேண்டியதுதானே."

"அவருக்கே ஞாபகம் இல்லாதப்ப நான் எதுக்குப் பல்லைக் காட்டணும்?"

"வாயைத் திறக்க மாட்டே, அதான் மரமும் போகுது" என்றாள் அண்ணி.

வெள்ளிக்கிழமை பாதைக்குக் கோடு போட்டார்கள். தோண்டுவதற்கு முன்னால் தரையில் சுண்ணாம்புப் பொடி தூவி அடையாளம் வைப்பார்களே, அது. நூல் பிடிக்கும் ஆள் வராததால் இன்ஜினியரே தகர டப்பாவை எடுத்துக்கொண்டார். "பாதைதானே மேஸ்திரி, கண்ணளவே போதும்" என்று சொல்லிவிட்டு, வகுப்புப் படியிலிருந்து குழாயை நோக்கி நடந்தார். கை பாட்டுக்குப் பொடியைத் தூவ, வாய் பாட்டுக்கு மேஸ்திரியிடம் சிமென்ட் கணக்குப் பேசிக்கொண்டிருந்தது. பெரிய டீச்சர் குடையைப் பிடித்துக்கொண்டு மேற்பார்வை பார்த்தார். பிள்ளைகளை வெளியே விடக் கூடாது என்று உத்தரவு. அவர்கள் ஜன்னல் கம்பிகளுக்கிடையே மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றார்கள். மியூட் எனக்குப் பக்கத்தில் நின்றாள்.

அவர் குழாய்க்குப் போய்ச் சேர்ந்ததும் மேஸ்திரி கோட்டைப் பார்த்தார். அப்புறம் அவரைப் பார்த்தார்.

"சார், பாதை ஏன் சார் நடுவுல வயிறு தள்ளுது?"

இன்ஜினியர் திரும்பினார். நேராக வந்த வெள்ளைக் கோடு, பாதி வழியில் எதையோ தவிர்ப்பதுபோல் வளைந்து சுற்றி, மறுபடி நேராகியிருந்தது. வளைவுக்குள் ஒன்றுமில்லை. வெறும் மண்.

"கல்லு ஏதாவது இருந்துச்சா?" என்றார் அவர்.

"கல்லும் இல்ல, குழியும் இல்ல. தண்ணி போட்டவன்கூட நல்ல தரையில இப்படி வளைய மாட்டான் சார்."

அவர் சிரித்துக்கொண்டே செருப்பால் அழித்துவிட்டு, இந்தத் தடவை குழாய் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். பேச்சும் தொடர்ந்தது. அதே இடம் வந்தது. கால் தானாக ஒதுங்கியது. இன்னொரு வயிறு.

"டப்பாவை இப்படிக் குடுங்க சார்" என்றார் மேஸ்திரி, கும்பிடாத குறையாக.

ஜன்னலில் ஒரே சிரிப்பு. நான் சிரிக்கவில்லை. அவருடைய வாய் எதை மறந்திருந்தாலும் சரி, கால் இன்னும் ஆற்றில் நனையாமல் நடந்துகொண்டிருந்தது.

மேஸ்திரி டப்பாவோடு அந்த வெற்றுத் தரையை நோக்கி நேராக நடந்தார். என் புடவையை ஏதோ உரசிக்கொண்டு போனது. திரும்புவதற்குள் மியூட் கதவைத் தாண்டியிருந்தாள். படியில் இறங்கி, அதே இடத்தைச் சுற்றிக்கொண்டு ஓடி, மரத்தின் மேல் ஏறி நின்றாள்.

"அங்க போடாதீங்க" என்றாள், கணீரென்று. "சுண்ணாம்பு பட்டா மீன் செத்துரும்."

மேஸ்திரி ஒரு காலைத் தூக்கியபடி நின்றுவிட்டார். பெரிய டீச்சரின் குடை மெல்லச் சாய்ந்தது.

இன்ஜினியர் மரத்தருகே போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "என்ன மீனு?"

"எல்லா மீனும்தான். நீங்க ரெண்டு தடவையும் சரியாத்தான் போனீங்க. அந்தத் தாத்தாவுக்குத்தான் தெரியல."

"யாரைப் பார்த்துத் தாத்தாங்கற" என்று மேஸ்திரி முனகினார்.

"அது ஆறு இல்லையா?" என்றார் இன்ஜினியர். குரல் கொஞ்சம் மாறியிருந்தது.

"ஆத்துல எப்படிக் கப்பல் போகும்? அது கடல்."

"நான் இருந்தப்ப ஆறாத்தான் இருந்துச்சு. இத்தனை வருஷத்துல பெருசாயிருச்சு போல. இதுகூட அப்ப லாரி."

அவள் அவரை நம்பலாமா என்று யோசிப்பதுபோல் பார்த்தாள்.

"சரி, கப்பல்ல என்ன லோடு?" என்று அவர் கேட்டார்.

நான் அவள் பின்னாலேயே வந்து படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கேள்வி என் காதில் விழுந்து எத்தனை காலம்.

"எங்க அப்பாவோட தூக்கம்" என்றாள் மியூட். "அப்பாவுக்கு மில்லுல நைட் டியூட்டி. போறப்ப தூக்கத்தை வீட்டுலயே வெச்சுட்டுப் போயிடறார். பகல்ல வந்து தேடறார், கிடைக்கல. தம்பி அழறான், குக்கர் கத்துது, தூக்கம் பயந்து எங்கயோ ஒளிஞ்சுக்குது. அதான் நான் புடிச்சுக் கப்பல்ல ஏத்திட்டேன். மில்லுலயே கொண்டுபோய்க் குடுத்துரலாம்னு."

அப்புறம் பெரிய டீச்சர்தான், எந்தத் தேர்விலும் நான் கேட்டிராத ஒரு கவலையான குரலில், "வேலை நேரத்துல தூங்கினா அப்பாவைத் திட்ட மாட்டாங்களா?" என்றார்.

"மொத்தமா குடுக்க மாட்டோம் டீச்சர். சாப்பாட்டு மணி அடிச்சா மட்டும் கொஞ்சம். மிச்சம் கப்பல்லயே இருக்கும்."

"நனைஞ்சிடாதா?"

"மூடி வெச்சிருக்கேன். இங்க பாருங்க." மரத்திலிருந்த ஒரு பொந்தைக் காட்டினாள். பெரிய டீச்சர் பார்க்கப் போனார். கோடு வளைந்து கிடந்த அந்த இடம் வந்ததும் ஒரு நொடி தயங்கி, புடவைக் கொசுவத்தைச் சற்றே தூக்கிக்கொண்டு, சுற்றிப் போனார்.

குனிந்து பொந்துக்குள் பார்த்துவிட்டு, நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இவ இவ்வளவு பேசுவாளா?"

"இன்னிக்குக் கொஞ்சம் கம்மி டீச்சர்."

அவர் குடையை மடக்கினார். "மேஸ்திரி, நாளைக்கு மரம் அறுக்க வர்றவரை வேண்டாம்னு சொல்லிடுங்க. சிலாம்பு ஏதாவது நீட்டிக்கிட்டிருந்தா மட்டும் இழைச்சு விடுங்க."

"அப்ப சறுக்கு மரம்?"

"முன்பக்கம் வைங்க. பார்க்க வர்றவங்க முன்பக்கத்தைத்தானே பார்க்கறாங்க." என் பக்கம் திரும்பினார். "வாய்மொழித் தேர்வுக்கு எனக்கு ஒரு நாற்காலி வெளியில போடச் சொல்லு. எல்லாருக்குமே இங்க வெச்சுக்கலாம்." பிறகு இன்ஜினியரிடம், "பாதையைச் சுவரோரமாக் கொண்டு போங்க சார். கொஞ்சம் சுத்துதான், பரவாயில்ல" என்றார்.

"கடல்னா சுத்தித்தானே டீச்சர் போகணும்" என்றார் அவர்.

பள்ளி விட்டு, பிள்ளைகள் போன பிறகும் அவர் போகவில்லை. டேப்பைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக மரத்தின் முன்பக்கம் உட்கார்ந்திருந்தார். நான் நோட்டுக் கட்டை அணைத்துக்கொண்டு படியிறங்கினேன். சுவர்ப் பக்கமாகப் போயிருக்கலாம். போகவில்லை.

"கிளீனர்" என்றார், திரும்பிப் பார்க்காமல்.

"எப்பத் தெரிஞ்சுது?"

"முதல் நாளே. சாக்பீஸைக் காதுல சொருகிட்டு வந்தே. அப்பக் குச்சியைச் சொருகுவே."

நீ என்று சொன்னதை இருவருமே கவனிக்காத மாதிரி இருந்தோம்.

"அப்ப ஏன் டீச்சர், ஸ்கூல்னு நீட்டி முழக்கினே?"

"வண்டியை அறுக்க வந்துட்டு, நான்தான் உங்க டிரைவர்னு எப்படிச் சொல்றது? வெக்கமா இருந்துச்சு. அதுவுமில்லாம உனக்குக் குடும்பம், குழந்தைங்க இருக்கும்னு நினைச்சேன்."

"இருக்கு. நாற்பது குழந்தைங்க. நாலு மணிக்குத் திருப்பிக் குடுத்துடணும்."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு மட்டும் உயரமே ஆகவில்லை.

நான் நோட்டுக் கட்டை மரத்தின் மேல் வைத்தேன். இத்தனை வருஷமாக யாரிடமும் கேட்க முடியாத ஒன்று இருந்தது. "நான் காய்ச்சல்ல கிடந்தேனே. கடைசி நாள் என்ன லோடு ஏத்திட்டுப் போனே?"

"ஒண்ணும் ஏத்தல."

"பசங்க வரலையா?"

"எல்லாரும் வந்தாங்க, ஆளுக்கொண்ணு கொண்டுவந்தாங்க. நான்தான் விடல. கிளீனர் பார்க்காம லோடு ஏத்தக் கூடாதுன்னு சட்டம் போட்டது யாரு?" டேப்பைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டான். "காலி வண்டியாவே எடுத்துட்டுப் போனேன். இன்னிவரைக்கும் காலியாத்தான் ஓடுது."

செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டேன். புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு மரத்தின் பின்பக்கம் ஏறி உட்கார்ந்தேன். முன்னைவிட அது தாழ்வாக இருந்தது. கால் தரையில் பட்டது.

உள்ளங்கையால் மரத்தின் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டினேன்.

அவன் உதடுகளைச் சேர்த்து ஒருமுறை முயன்று பார்த்தான். மேட்டில் ஏறும் சத்தம் வரவில்லை. வெறும் காற்றுதான் வந்தது.

"இன்ஜின் பழசாயிருச்சு" என்றான். "எங்க போகணும்?"

"முதல்ல எங்க அண்ணியைப் பார்த்துட்டுப் போயிடலாம்" என்றேன். "லெஃப்ட்ல ஒடிச்சு வா. கடல் இருக்கு."